தபால்காரனுக்குத் தெரிந்த பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. மந்திரவாதி, டிராகன், மாயத்தீவு என்று வருகிற கதைகளெல்லாம் மீசை முளைக்கிற வரைக்கும்தான், அதற்கு மேலும் அவற்றை வாசிப்பது பொழுதை வீணடிப்பது, போதாததற்கு அவை நம் மண்ணில் ஒட்டாதவை என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. போன வருடம் வரை என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எனக்கு வயது 67. விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டு ஊர். 38 வருடம் கிராமத் தபால்காரனாக மூன்று ஊர்களுக்கு சைக்கிளில் தபால் கொண்டுபோனேன். படித்தது பத்தாம் வகுப்பு. இங்கிலீஷில் முகவரி வாசிப்பேன், பாரம் நிரப்புவேன், அவ்வளவுதான்.

போன வருடம் சித்திரையில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்காமல், டிவி பார்க்காமல் திண்ணையில் கிடந்தேன். லீவுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேத்திதான் நேரத்துக்கு நேரம் சொட்டு மருந்து விட்டாள். மற்ற நேரமெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். தாள் புரளும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "என்னத்தா அப்படிப் படிக்கிறே?" என்று கேட்டேன். "ஆடு மேய்க்கிற பையன் கதை தாத்தா. சொல்லட்டா?" என்றாள்.

ஆடு என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். எங்கள் வீட்டில் கன்னி ஆடுகள் இருந்தன. பள்ளிக்கூடம் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவற்றின் பின்னால்தான் என் சிறுவயசு போனது. சரி, சொல்லு என்றேன்.

அந்தப் புத்தகம் உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க அம்மையார் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி'. 1968-இல் வந்தது. எர்த்சீ என்பது கடல் முழுக்கத் தீவுகளாகவே இருக்கிற ஒரு உலகம். அதில் கோன்ட் என்று ஒரு மலைத்தீவு. அங்கே ஒரு சின்ன ஊரில் தாயில்லாத பையன் ஒருவன், டூனி என்று பெயர். அப்பா வெண்கலக் கொல்லர். அம்மாவின் உடன்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், ஊருக்கு மந்திரக்காரி. கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்காமல் அடம்பிடித்த ஒரு வெள்ளாட்டை அவள் ஏதோ நாலு சொல்லைச் சொல்லி இறங்க வைக்கிறாள். ஏழு வயதுப் பையன் அதைக் கேட்டு வைத்துக்கொள்கிறான். மறுநாள் மலைமேல் மேய்ச்சலில் அதே சொற்களை, அர்த்தம் தெரியாமல், சத்தம் போட்டுச் சொல்கிறான்.

ஆடுகள் வருகின்றன. எல்லா ஆடும் ஒன்றாக, வேகமாக, ஒரு சத்தமும் இல்லாமல் வருகின்றன. மஞ்சள் கண்ணால் அவனையே பார்க்கின்றன. பையன் சிரித்துக்கொண்டு மறுபடியும் சொல்கிறான். இன்னும் நெருங்கி வந்து, இடித்துக்கொண்டு, முட்டிக்கொண்டு அவனைச் சூழ்கின்றன. அவனுக்குப் பயம் வந்துவிடுகிறது. ஓடுகிறான். ஆடுகளும் அவனை நடுவில் வைத்துக்கொண்டே கூட ஓடுகின்றன. மொத்தத்தையும் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு இறுக்கினதுபோல, ஆட்டு மந்தையும் நடுவில் அழுதுகொண்டு பையனுமாக ஊருக்குள் வந்து விழுகிறார்கள்.

இதைப் பேத்தி சொன்னபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆட்டை அறிந்தவர் எழுதியது இது. துரட்டியைத் தோளில் சாய்த்து வேலங்காய் நெத்து உலுக்கப் போனால் ஆடுகள் வந்து மொய்க்கும், ஆனால் கத்திக்கொண்டுதான் வரும். ஓடி வருகிற வெள்ளாடு கத்தாமல் வந்தால் ஏதோ சரியில்லை என்றுதான் தோன்றும். சத்தமே இல்லாமல் ஒரு மந்தை முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் படுக்கைவாட்டக் கண்மணி, வரிவரியான கொம்பு. மேலெல்லாம் புல்லரித்தது. கதையில் அங்கே வந்த அந்த மந்திரக்காரிச் சித்தி சிரிக்கவில்லை, ஊரார்தான் சிரித்தார்கள். அவள் ஒரு சொல் சொன்னதும் ஆடுகள் கட்டு அவிழ்ந்தது மாதிரி கத்தத் தொடங்கி, கலைந்து, மேயப் போய்விடுகின்றன. மந்திரம் கலைந்ததை ஆடு கத்துவதை வைத்துக் காட்டுகிறார் பாருங்கள்.

அப்புறம் தினமும் சாயங்காலம் கதைதான். மொத்தம் 10 அத்தியாயம். இங்கிலீஷில் ஒரு பக்கம் வாசித்து மனதில் வாங்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுவாள். சில இடத்தில் தடுமாறுவாள், அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். நாலாம் நாளிலிருந்து பக்கத்து வீட்டு மதினியும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தப் பையன் ஓகியன் என்ற பெரிய மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். குரு ஏதாவது வித்தை காட்டுவார் என்று எதிர்பார்க்கிறான். அவர் பேசவே மாட்டார். இரண்டு பேரும் மலையில் நடந்து போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. அந்தத் தீவுகளில் மந்திரவாதிகள் பெருத்துப்போனதால் ஒருத்தர் தன் தலைக்கு மேலிருக்கும் மேகத்தைப் பக்கத்தில் தள்ளிவிட, அங்கே இருப்பவர் இன்னொரு பக்கம் தள்ளிவிட, கடைசியில் அந்த மேகம் கடலில் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யுமாம். ஓகியன் மட்டும் மழையை ஒன்றும் செய்யமாட்டார். அது பெய்கிற இடத்தில் பெய்யட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். பையன் நனைந்துகொண்டு, இதற்கா இவ்வளவு வித்தை படித்தார் என்று பொருமுகிறான். எங்கள் ஊரில் மழை வேண்டி மண்டபத்தில் உட்கார்ந்து மகாபாரதத்து விராட பருவம் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவன் நான். மழையைத் தள்ளிவிடுகிற ஊர் ஒன்று இருக்கும் என்று நான் கற்பனையிலும் நினைத்ததில்லை. பெய்கிற மழையைத் தொடாத ஓகியனை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

ஆனால் என்னை அந்தக் கதைக்குள் முழுசாக இழுத்துப் போட்டது பெயர்தான். அந்தத் தீவுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஒன்று ஊர் கூப்பிடுகிற பெயர். இன்னொன்று, பிள்ளை வளர்ந்து வரும்போது ஆற்றுத் தண்ணீரில் இறங்கி நடந்து அக்கரை ஏறுகையில், பெரியவர் ஒருவர் அதன் காதில் மட்டும் சொல்கிற பெயர். பேத்தி அதற்கு 'மெய்ப்பெயர்' என்று சொல் வைத்தாள். அந்தப் பையனின் மெய்ப்பெயர் கெட். மெய்ப்பெயர் தெரிந்தவனுக்கு அந்த ஆளின் உயிரே கையில் இருப்பது மாதிரி. அதனால் யாரும் அதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். மந்திரம் என்பதே பொருள்களின் மெய்ப்பெயரைக் கற்றுக்கொள்வதுதான்.

ஒரு தபால்காரனிடம் இதைச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? எங்கள் ஊர்களில் யாரையும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. எல்லாம் பட்டப்பெயர், வீட்டுப்பெயர், இன்னார் மகன், இன்னார் பெண்டாட்டி. ஆனால் தபால் வருவது சொந்தப் பெயருக்கு. ஊரில் எல்லோருடைய மெய்ப்பெயரும் தெரிந்த ஆள் தபால்காரன் ஒருவன்தான். பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கப் போய் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பழைய காலத்து மனுஷிகள் சொல்லமாட்டார்கள். "திருச்செந்தூர்ல நிக்கிறாருல்ல, அவரு பேருதான்" என்று சாடையாகச் சொல்லுவார்கள். என் பாட்டியும் சாகிறவரை தாத்தா பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மணியார்டர் முதன்முதலாக வந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஊரே அவளை வடக்குவீட்டுக் கிழவி என்றுதான் சொல்லும். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பாரத்தில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தேன். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அவள் எனக்கு எதிரே நடையில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை வாசித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்க அம்மா போனதுக்கப்புறம் இந்தப் பேரச் சொல்லி யாருமே கூப்பிடலயப்பா" என்றாள். ரூபாயைக்கூட எண்ணவில்லை. "இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எனக்குத் தெரிந்த பெயர், என்னோடு இருக்கட்டும்.

கதையில் கெட் படிக்கப் போகிற மந்திரப் பள்ளியில் வெட்ச் என்று ஒரு சிநேகிதன். கெட் பெரிய தப்பு ஒன்றைச் செய்து, உடம்பும் மனசும் கிழிந்துபோய், தன் வித்தையில் தனக்கே நம்பிக்கை இல்லாமல் நிற்கிறபோது, ஊருக்குக் கிளம்புகிற வெட்ச் விடைபெற வருகிறான். எந்த ஆறுதலும் சொல்லாமல் தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். யாரிடமும் சொல்லக்கூடாத பெயர் அது. பேத்தி இந்த இடத்தை வாசித்துச் சொன்னதும் மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடக்க முடியவில்லை.

அந்தத் தப்பு என்னவென்றும் சொல்ல வேண்டும். தன்னைச் சீண்டிய ஒருவனுக்குத் தன் பலத்தைக் காட்டவேண்டும் என்ற வீம்பில், செத்துப்போன ஒருத்தியின் ஆவியைக் கெட் வரவழைக்கிறான். அப்போது உலகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியாக ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அது தீவு தீவாக அவன் பின்னால் வருகிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. 22 வயதில், ஆட்டுப் பங்கு பிரித்த தகராறில், பத்துப் பேர் முன்னால் என் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். வீம்புதான், வேறொன்றுமில்லை. அண்ணன் இறந்து 9 வருடம் ஆகிறது. அந்த வார்த்தை இன்னும் என் பின்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது. மீசை முளைக்காத வயதில் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் நிழலைப் பார்த்துப் பயந்திருப்பேன். இப்போது கேட்டதால் அது யாருடையது என்று தெரிந்தது. கெட் கடைசியில் ஓடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி அதைத் துரத்தத் தொடங்குகிறான். முடிவை நான் சொல்லமாட்டேன். அதை நீங்களே போய்ச் சேருவதுதான் நியாயம்.

கதை முடிந்த அன்று, "இந்தப் பையன் பார்க்க எப்படி இருப்பான்?" என்று கேட்டேன். "சிவந்த மாநிறம் தாத்தா. வெட்ச் நல்ல கறுப்பு" என்றாள். வெள்ளைக்காரர் புத்தகத்தில் அப்படியா என்று எனக்கு ஆச்சரியம். அந்த உலகத்தில் பெரும்பாலான ஜனங்கள் மாநிறமும் கறுப்பும்தான். வெள்ளைத் தோல்காரர்கள் கார்காத் தீவுகளிலிருந்து படையெடுத்து வருகிறவர்கள். லெ குவின் வேண்டுமென்றுதான் அப்படி எழுதினார். புத்தக அட்டைகளில் கெட்டை வெள்ளையாக வரைந்ததற்காகச் சண்டை போட்டார். 2004-இல் அதை டிவி தொடராக எடுத்து வெள்ளை நடிகரைப் போட்டபோது பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடிக் கிழவர்தானா, அவரும் ஒரு காலத்தில் பையனாக இருந்திருப்பாரே, வித்தையை எங்கே படித்திருப்பார் என்று யோசித்ததில் பிறந்த கதை இது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 2018 ஜனவரியில் இறந்துபோனார். உயிரோடு இருந்தபோது தெரிந்திருந்தால் ஒரு தபால் எழுதியிருப்பேன்.

நம் மண்ணில் ஒட்டாது என்று அந்த வாசகர் சொன்னதற்கு வருகிறேன். கடல் தெய்வம் ஒரு பெண்ணைத் தூங்கும்போதே தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அவளுக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைக்கிறது. மந்திரத்தால் அவள் இன்னொருத்தியின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த இன்னொருத்தி காயசண்டிகை, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்ற பசியைச் சாபமாக வாங்கியவள். இது எந்த நாட்டுக் கதை? நம் மணிமேகலை. சிறுவயசில் எங்கள் தெருவில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை வாசிப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு வந்த பெரிய ஆட்கள். அவர்களை யாரும் பொழுதை வீணாக்குகிறீர்கள் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் பேத்தி டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையையும் கொஞ்சம் சொன்னாள். 1954-லும் 1955-லும் மூன்று பாகமாக வந்த பெரிய புத்தகம். அவர் முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். அதில் தொடக்கத்திலேயே பில்போ என்பவருக்கு 111-ஆவது பிறந்தநாள் விருந்து. அழைப்புக் கடிதங்கள் குவிந்து அவர் ஊரான ஹாபிட்டனின் தபால் நிலையம் அடைத்துக்கொள்கிறது, பக்கத்து ஊர்த் தபால் நிலையமும் திணறுகிறது, தபால் கொடுக்கத் தன்னார்வ ஆட்களைச் சேர்க்கிறார்கள். எனக்கு அப்படியே மார்கழிக் கடைசி வாரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பொங்கல் வாழ்த்துகள் வந்து குவிந்த அந்த வருடங்களில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பை தொங்கும், இருட்டின பிறகும் கொடுத்து முடியாது. இரண்டு வாழ்த்து வந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்று வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டப் போவார்கள். மாய உலகத்துத் தபால்காரர்களுக்கும் அந்தக் கஷ்டம் இருந்திருக்கிறது.

இப்போது எர்த்சீ வரிசையில் நாலாவது புத்தகத்தில் இருக்கிறோம். 'தெஹானு' என்று பெயர், 1990-இல் வந்தது. மூன்றாவதற்கும் இதற்கும் நடுவே 18 வருடம். இதை எழுதி வெளியிட்டபோது லெ குவினுக்கு வயது 60. கெட் மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவனாக இருந்து, உலகத்தைக் காப்பாற்றுவதில் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு, வெறும் மனுஷனாக டிராகன் முதுகில் வந்து சேர்கிறான். புது ராஜாவின் ஆட்கள் மரியாதை செய்யத் தேடி வருகிறார்கள். அவன் ஒளிந்துகொள்கிறான். அவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. கடைசியில் மலைமேல் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான்.

ஆசிரியர் அவர்களே, பையையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டு வந்த முதல் மாதம் நான் தெருவில் இறங்கவில்லை. எதிரே வருகிறவர்கள் பழக்கத்தில் "தபால் இருக்கா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். காலையில் கால் தானாகச் சைக்கிளைத் தேடும். இதை என் வீட்டில்கூட நான் சொன்னதில்லை. பேத்தி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, "ஏன் தாத்தா இவரு ஒளியிறாரு? நல்லதுதானே செஞ்சாரு?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். வீரன் வயசாகி, பலம் போய், வெட்கப்பட்டு நிற்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன கதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

என் வேண்டுகோள் இதுதான். இந்தப் புத்தகங்களைத் தமிழில் கேட்டு எனக்கு எட்டின கடைகளில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. எல்லா வீட்டிலும் இங்கிலீஷ் வாசித்துச் சொல்கிற பேத்தி இருக்கமாட்டாள். மொழிபெயர்க்கிறவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும், எடுக்கும்போது ஊர்ப்பேச்சுக்குப் பயப்படாமல் எடுக்க வேண்டும். அச்சடிப்பவர்கள் அந்தக் காலத்துப் பெரிய எழுத்துப் புத்தகங்களைப் போல எங்கள் கண்ணுக்கு எட்டுகிற எழுத்தில் போட வேண்டும். உங்கள் ஞாயிறு இணைப்பில் இந்த மாதிரி நாவல்களை வாரம் ஒன்றாக அறிமுகம் செய்தால் முதல் ஆளாக வாசிப்பேன். நம் இளைஞர்கள் யாராவது சொந்தமாக இப்படி ஒரு உலகத்தை எழுதியிருந்தால் அதைத் தொடராகப் போடுங்கள். கரிசலில் நடக்கிற மாயக்கதை ஒன்று வராதா என்று மதினியும் கேட்கிறார்கள்.

அந்தக் கடிதம் எழுதிய வாசகர் எங்கள் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும். பேத்தி அடுத்த சனிக்கிழமை வருகிறாள். கெட் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.